வெயில் படாத சிவப்பு

ஆப்பிள் கிரேட், ஆரஞ்சு கிரேட், லெமன் பீலர், பீ பிக்கர். இந்த நாலு பெயர்களும் 1968-ஆம் ஆண்டு அமெரிக்காவில் கடைக்கு வந்த நாலு சைக்கிள்களுக்குச் சூட்டப்பட்டவை. ஆப்பிள் என்றால் சிவப்பு, ஆரஞ்சு ஆரஞ்சேதான், எலுமிச்சை மஞ்சள், பட்டாணி பச்சை. பெயரைச் சொன்னாலே நிறம் கண்முன் வந்து நிற்கும். இவற்றைச் செய்தது சிகாகோ நகரத்தின் ஸ்வின் கம்பெனி. 1895-இல் தொடங்கிய பழைய கம்பெனி அது. முன்சக்கரம் 16 அங்குலம், பின்சக்கரம் 20 அங்குலம். நீண்ட சீட்டு, உயரத் தூக்கிய ஹேண்டில்பார், சட்டத்தின் நடுவே காரில் இருப்பது போன்ற கியர்க் குச்சி. 1973 வரைதான் இந்த வரிசை வந்தது.

அன்று அதை ஓட்டித் திரிந்த பிள்ளைகள் இன்று தாத்தா பாட்டிகள். அவர்களில் சிலர் அதே சைக்கிளைத் தேடிப் பிடித்து, துரு நீக்கி, பழையபடி ஆக்குகிறார்கள். கோணலான சக்கரத்தை நிமிர்த்திவிடலாம். அறுந்த செயினுக்கு வேறு செயின் கிடைக்கும். பெரிய தலைவலி நிறம்தான். செயின் கார்டு நசுங்கிவிட்டது, வேறொன்றைத் தேடி எடுத்துப் பெயின்ட் அடித்து மாட்ட வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயின்ட் கடையில் போய் ‘சிவப்பு கொடுங்கள்’ என்றால் எதைக் கொடுப்பார்? தக்காளிச் சிவப்பு, குங்குமச் சிவப்பு, செங்கல் சிவப்பு, மாதுளைச் சிவப்பு என்று அலமாரி நிறைய டப்பா இருக்கும். அத்தனைக்கும் நடுவில் 1968-ஆம் வருஷத்து ஒரே ஒரு சிவப்பை எப்படிக் கண்டுபிடிப்பது?

துப்பறிகிற வேலை இது. கொஞ்சம் இயற்பியல், கொஞ்சம் வேதியியல், நம் கண்ணைப் பற்றிக் கொஞ்சம் அறிவு, இவ்வளவும் இருந்தால் முடியும்.

முதலில், அந்தச் சைக்கிள் புதிதாக இருந்தபோது என்ன நிறத்தில் இருந்தது என்று தெரிய வேண்டும். வெளியே தெரிகிற பெயின்ட்டை நம்ப முடியாது. ஐம்பது வருஷத்துக்கும் மேலாக வெயிலும் மழையும் அதை மாற்றிவிட்டன. வெயிலே படாத இடம் வேண்டும். சைக்கிளில் அப்படிப்பட்ட மூலைகள் நிறைய உண்டு. ஹேண்டில்பாருக்குக் கீழே முன்தண்டில் கம்பெனியின் முத்திரைத் தகடு இருக்குமே, அதன் பின்புறம். சீட்டுத் தண்டைக் கவ்விப் பிடிக்கும் வளையத்தின் அடி. பிரேக் மாட்டிய இடம். செயின் கார்டைச் சட்டத்தோடு பிணைக்கும் கிளாம்ப்பின் உட்புறம்.

ஸ்குரூவை மெல்லத் திருகி, வாஷரை நகத்தால் நெம்பி எடுத்துப் பாருங்கள். அங்கே ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு வட்டம் இருக்கும். வட்டத்துக்கு வெளியே வெளிறிப்போன, லேசாக ஆரஞ்சு கலந்த சிவப்பு. வட்டத்துக்கு உள்ளே ஆழமான, பளபளக்கும் சிவப்பு. ஓரத்தில் கறுப்பு அழுக்கு ஒரு மெல்லிய கோடாக ஓடி இரண்டையும் பிரிக்கும். தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நாள் முதல் அந்த வட்டம் வெளிச்சத்தைப் பார்த்ததே இல்லை. நாம் தேடுகிற நிறத்துக்கு மிக நெருக்கமானது அதுதான்.

இன்னொரு துப்பும் உண்டு. 1965 முதல் ஸ்வின் சைக்கிளில் அடித்த வரிசை எண்ணின் முதல் எழுத்து மாதத்தையும் இரண்டாம் எழுத்து வருஷத்தையும் குறிக்கும். வருஷத்துக்கு ஏ என்றால் 1965, பி என்றால் 1966. அப்படியே எண்ணினால் டி என்பது 1968. வருஷம் தெரிந்தால், அந்த வருஷம் எந்தெந்த நிறங்களில் விற்றார்கள் என்று கம்பெனியின் பழைய விலைப்பட்டியலில் பார்க்கலாம். ஆனால் பட்டியலில் அச்சான படத்தை வைத்து நிறத்தை முடிவு செய்யக் கூடாது. காகிதத்தில் இருப்பது அச்சு மை. அதுவும் தன் பங்குக்கு வெளுத்திருக்கும். நிறத்தின் பெயரை மட்டும் பட்டியலிலிருந்து எடுத்துக்கொண்டு, நிறத்தை வாஷரின் அடியிலிருந்து எடுப்பதுதான் சரி.

வெயில் எப்படி நிறத்தைத் தின்கிறது? பெயின்ட்டுக்கு நிறம் தருபவை நிறமி மூலக்கூறுகள். சிவப்பு நிறமி, தன்மேல் விழும் வெளிச்சத்தில் பச்சையையும் நீலத்தையும் உறிஞ்சிக்கொண்டு சிவப்பைத் திருப்பி அனுப்புகிறது. அதனால்தான் சிவப்பாகத் தெரிகிறது. உறிஞ்சிய ஒளியின் ஆற்றல் எங்கே போகும்? பெரும்பாலும் வெப்பமாக மாறிவிடும். எப்போதாவது ஒரு முறை அந்த ஆற்றல் மூலக்கூறின் பிணைப்பு ஒன்றை உடைத்துவிடும். கண்ணுக்குத் தெரியாத புறஊதாக் கதிருக்கு ஆற்றல் இன்னும் அதிகம், உடைக்கும் வலுவும் அதிகம். உடைந்த மூலக்கூறு பழையபடி ஒளியை உறிஞ்சாது. ஒரு மூலக்கூறு போனால் ஒன்றும் தெரியாது. கோடிக்கணக்கில் போகும்போது சிவப்பு வெளுக்கிறது.

எல்லா நிறமியும் இப்படிச் சீக்கிரம் தோற்றுவிடாது. 1928-இல் ஸ்காட்லாந்தின் கிரேஞ்ச்மவுத் என்ற ஊரில் ஒரு சாயத் தொழிற்சாலையில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே வேறு ஏதோ ஒரு வெள்ளைப் பொருளைத் தயாரித்துக்கொண்டிருந்தார்கள். பாத்திரத்தின் உட்பூச்சு விரிசல் விட்டு, உள்ளே இருந்த ரசாயனம் வெளிப்புற இரும்பைத் தொட்டுவிட்டது. வெள்ளைப் பொருளுக்குள் நீலமாக ஏதோ தெரிந்தது. ‘கெட்டுப்போனது’ என்று கொட்டிவிடாமல் அதை ஆராய்ந்தார்கள். தாலோசயனின் என்ற நிறமிக் குடும்பம் அப்படித்தான் உலகத்துக்குத் தெரியவந்தது. இரும்புக்குப் பதில் செம்பு சேர்த்துச் செய்த நீலம் 1935-இல் விற்பனைக்கு வந்தது. வெயிலில் எத்தனை வருஷம் நின்றாலும் எளிதில் அசையாத நீலம் அது. இந்த வகை நீலமும் பச்சையும் பூசிய பழைய சாமான்கள் இன்றும் நிறம் மாறாமல் இருப்பதைப் பார்க்கலாம். பக்கத்திலேயே நின்ற சிவப்போ மஞ்சளோ சோகை பிடித்திருக்கும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. பெயின்ட் மங்கலாகத் தெரிந்தால் நிறமி செத்துவிட்டது என்று உடனே தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. நிறமித் துகள்களைப் பிடித்துவைத்திருக்கும் பசை போன்ற பொருளையும் வெயில் சிதைக்கிறது. அப்போது மேற்பரப்பு சொரசொரப்பாகி, விரலால் தேய்த்தால் சுண்ணாம்புப் பொடி போல ஒட்டும். அந்தச் சொரசொரப்பு ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிப்பதால் நிறத்தின்மேல் வெள்ளைத் திரை விழுந்த மாதிரி இருக்கும். கீழே நிறம் அப்படியே இருக்கலாம்.

இரண்டில் எது என்று கண்டுபிடிக்க ஒரு சொட்டுத் தண்ணீர் போதும். மங்கிய இடத்தில் விட்டுப் பாருங்கள். தண்ணீர் பள்ளங்களை நிரப்பி மேற்பரப்பைச் சமமாக்கிவிடும், சிதறல் குறைந்துவிடும். சொட்டின் அடியில் நிறம் பளிச்சென்று ஆழமாகத் தெரிந்தால், போனது மேற்பரப்பு மட்டும்தான். நல்ல பாலிஷ் போட்டுத் தேய்த்தாலே பழைய நிறம் திரும்பும், பெயின்ட் அடிக்கத் தேவையே இல்லை. சொட்டின் அடியிலும் வெளிறியே இருந்தால், நிறமியே போய்விட்டது. உங்கள் வீட்டு வாசலில் வெயிலில் நிற்கும் பழைய பிளாஸ்டிக் நாற்காலி, இரும்புக் கேட் எதிலும் இதைச் செய்து பார்க்கலாம்.

இப்போது கதையின் சுவையான பகுதிக்கு வருவோம். ஸ்வின் சைக்கிள்களில் சில நிறங்களை அந்தக் கம்பெனி ‘ஃப்ளாம்பாயன்ட்’ என்று பெயரிட்டு விற்றது. மற்றவர்கள் இவ்வகைப் பெயின்ட்டை ‘கேண்டி’ நிறம் என்பார்கள். இது சாதாரணப் பெயின்ட் போல ஒரு டப்பாவில் இருக்கிற நிறம் இல்லை. கடையில் எந்த டப்பாவைத் திறந்தாலும் இது கிடைக்காது. காரணம், இந்த நிறம் உருவாவதே அடுக்குகளால்.

சாதாரணப் பெயின்ட் அடியில் இருப்பதை மறைத்துவிடும். வெளிச்சம் மேலே இருக்கும் நிறமித் துகள்களில் பட்டு அங்கிருந்தே திரும்பிவிடும். ஃப்ளாம்பாயன்ட் நிறத்தில் முதலில் வெள்ளி நிறப் பெயின்ட் அடிக்கிறார்கள். அதில் அலுமினியச் செதில்கள் மிக மெல்லியதாகப் படுத்திருக்கும். அதன்மேல் ஊடுருவிப் பார்க்கக்கூடிய நிறப் பூச்சு. வெளிச்சம் இந்த நிறப் பூச்சுக்குள் நுழைந்து, கீழே உள்ள அலுமினியத்தில் பட்டு, திரும்பவும் அதே பூச்சின் வழியாக வெளியே வருகிறது. ஒரே வடிகட்டி வழியாக இரண்டு முறை போய்வருகிறது. அதனால்தான் அந்தச் சிவப்பு உள்ளிருந்து ஒளிர்வது போல இருக்கிறது.

வீட்டிலேயே இதைப் பார்க்கலாம். சாக்லேட் சுற்றிவரும் வெள்ளித் தாளை மேசையில் சுருக்கம் இல்லாமல் விரியுங்கள். பரிசுப் பொருள் சுற்றும் சிவப்புக் கண்ணாடித் தாளிலிருந்து ஒரே அளவில் மூன்று துண்டு வெட்டுங்கள். ஒன்றை வெள்ளித் தாளின் மேல் வையுங்கள். பளபளக்கும் இளஞ்சிவப்பு வரும். இரண்டாவதை, முதல் துண்டில் கொஞ்சம் வெளியே தெரியும்படி தள்ளி வையுங்கள். நிறம் ஒரு படி ஆழமாகும். மூன்றாவதை வைத்தால் இன்னும் ஒரு படி. இப்போது அதே துண்டுகளை வெள்ளைக் காகிதத்தின் மேல் வைத்துப் பாருங்கள். சிவப்பு இருக்கும், ஆனால் அந்த மினுக்கு இருக்காது. கறுப்புத் தாளின் மேல் வைத்தால் நிறமே செத்துவிடும். மேலே இருக்கும் சிவப்பு மூன்று இடத்திலும் ஒன்றுதான். கீழே இருப்பது மாறியதும் எல்லாமே மாறிவிட்டது.

இதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. ஒரு பூச்சு தன் வழியே போகும் பச்சை ஒளியில் பாதியை உறிஞ்சுகிறது, சிவப்பு ஒளியைக் கிட்டத்தட்ட முழுதாக விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். போகும்போது பாதி, வரும்போது மிச்சத்தில் பாதி. ஆக ஒரு பூச்சில் திரும்பி வரும் பச்சை நாலில் ஒரு பங்கு. இரண்டு பூச்சு அடித்தால் பதினாறில் ஒரு பங்கு. மூன்று பூச்சில் அறுபத்து நாலில் ஒரு பங்கு. கூட்டல் கணக்காக இல்லாமல் பெருக்கல் கணக்காக நிறம் ஆழமாகிறது. ஒரே டப்பா, ஒரே பெயின்ட்தான். ஆனால் ஒரு கோட் கூடினாலோ குறைந்தாலோ வேறு சிவப்பு வந்து நிற்கும்.

இதனால் பெயின்ட் அடிப்பவர்கள் சைக்கிள் பாகத்தில் நேரே கைவைப்பதில்லை. ஒரு தகரத் துண்டை எடுத்து, முழுவதும் வெள்ளி அடித்துக் காயவிடுவார்கள். பிறகு நிறப் பூச்சு ஒரு கோட். காய்ந்ததும் துண்டின் ஓர் ஓரத்தை டேப் ஒட்டி மறைத்துவிட்டு அடுத்த கோட். இன்னும் கொஞ்சம் மறைத்து அடுத்தது. கடைசியில் டேப்பை உரித்தால், ஒரு கோட், இரண்டு கோட், மூன்று கோட், நாலு கோட் என்று படிப்படியாக ஆழமாகும் பட்டைகள் கிடைக்கும். அந்தத் தகரத்தை, வாஷரை எடுத்த இடத்தில் தெரியும் வட்டத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்ப்பார்கள். எந்தப் படி ஒத்துப்போகிறதோ அத்தனை கோட்தான் செயின் கார்டுக்கு. மேலே மினுக்குப் பூச்சும் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகே ஒப்பிட வேண்டும். ஈரப் பெயின்ட்டின் நிறம் வேறு, காய்ந்த பெயின்ட்டின் நிறம் வேறு. இந்த வேலையில் பொறுமையை விடச் சிறந்த கருவி எதுவும் இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

ஒப்பிடுவது என்றேன். எந்த வெளிச்சத்தில் ஒப்பிடுவது? இங்கேதான் பலர் வழுக்கி விழுகிறார்கள். பட்டறைக்குள் டியூப் லைட்டில் இரண்டும் ஒரே சிவப்பு. வெளியே ரோட்டுக்குக் கொண்டுவந்தால் செயின் கார்டு தனியாகத் தெரியும், ‘கலர் மேட்ச் ஆகலையே’ என்று எல்லோரும் சொல்வார்கள். பெயின்ட் மாறவில்லை. பிறகு எப்படி?

நம் கண்ணின் பின்புறத்தில் நிறம் பார்க்கும் கூம்பு செல்கள் மூன்று வகை. கண்ணில் நிறத்துக்கு மூன்று வகை உணர்விகள் இருக்க வேண்டும் என்று 1802-லேயே தாமஸ் யங் என்ற ஆங்கில அறிஞர் ஊகித்துச் சொன்னார். எத்தனை ஆயிரம் வகை ஒளிக்கலவை உள்ளே வந்தாலும் இந்த மூன்று வகை செல்களும் மூளைக்கு மூன்றே மூன்று சேதிகளைத்தான் அனுப்பும். ஆகவே இரண்டு வெவ்வேறு ஒளிக்கலவைகள் ஒரே மூன்று சேதிகளைத் தந்துவிட்டால், மூளைக்கு இரண்டும் ஒரே நிறம்தான்.

நம்ப முடியவில்லையா? அப்பாவிடமோ அம்மாவிடமோ கேட்டு, செல்போன் திரையில் மஞ்சள் படம் ஒன்றைத் திறந்துவையுங்கள். விரல் நுனியில் மிகச் சிறிய தண்ணீர்த் துளி எடுத்துத் திரையில் வையுங்கள். துளி பூதக்கண்ணாடியாக வேலை செய்யும். உற்றுப் பார்த்தால் மஞ்சள் புள்ளியே அங்கே இருக்காது. சிவப்புப் புள்ளியும் பச்சைப் புள்ளியும் மட்டும் பக்கத்துப் பக்கத்தில் எரிந்துகொண்டிருக்கும். நம் கண்ணுக்கு அது சூரியகாந்திப் பூவின் மஞ்சளாகத் தெரிகிறது.

பழைய பெயின்ட்டில் 1968-இன் நிறமிகள். புதிய பெயின்ட்டில் இன்றைய நிறமிகள். ஒரு வெளிச்சத்தில் இரண்டும் ஒரே மூன்று சேதிகளைத் தரலாம். வெளிச்சம் மாறினால், விழும் ஒளியின் கலவையே மாறுகிறது. வெள்ளை எல்இடி பல்பு பெரும்பாலும் நீல ஒளியையும், அந்த நீலத்தைக் கொண்டு ஒரு மஞ்சள் பொடியை ஒளிரவைத்து வரும் ஒளியையும் கலந்து வெள்ளையாகத் தெரிகிறது. வெயிலில் எல்லா நிறமும் உண்டு. அப்போது இரண்டு பெயின்ட்டும் வெவ்வேறு சேதி அனுப்ப, வேஷம் கலைந்துவிடும். எனவே பகலில், நேர் வெயில் படாத நிழலில், வானத்து வெளிச்சத்தில் ஒரு முறை பாருங்கள். டியூப் லைட்டில் ஒரு முறை. மஞ்சள் குண்டு பல்பில் ஒரு முறை. மூன்றிலும் ஒத்துப்போனால்தான் ஒத்துப்போனதாகக் கணக்கு.

வெளிச்சம் சரியாக இருந்தாலும் பக்கத்து நிறம் ஏமாற்றும். பாரிஸில் கோபெலின் என்ற புகழ்பெற்ற திரைச்சீலை நெசவுக்கூடம் இருக்கிறது. அங்கே சாயப் பிரிவுக்கு 1824-இல் தலைவராக வந்தவர் மிஷேல் செவ்ரல் என்ற வேதியியல் அறிஞர். கறுப்பு நூல் போதிய கறுப்பாக இல்லை என்று அவரிடம் புகார் வந்தது. அவர் சாயத்தைச் சோதித்தார். சாயத்தில் குற்றமே இல்லை. நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் நெய்தபோதுதான் அந்தக் கறுப்பு சோர்ந்து தெரிந்தது. நிறங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்போது ஒன்றையொன்று எப்படி மாற்றிக் காட்டுகின்றன என்று ஆராய்ந்து 1839-இல் பெரிய புத்தகமே எழுதினார். 102 வயது வரை வாழ்ந்த மனிதர் அவர்.

செவ்ரல் சொன்னதை சைக்கிளுக்குப் பயன்படுத்துவது எளிது. சாம்பல் நிற அட்டை ஒன்றில், பக்கத்துப் பக்கத்தில் ஒரே அளவில் இரண்டு ஓட்டைகள் போடுங்கள். ஒன்றின் அடியில் பழைய பெயின்ட் தெரியட்டும், மற்றதன் அடியில் புதிய பெயின்ட். சுற்றியுள்ள துரு, குரோமியப் பளபளப்பு, வெளுத்த பகுதி எல்லாம் மறைந்துவிடும். கண் அந்த இரண்டை மட்டுமே பார்க்கும். முதலில் எது வெளிர், எது அடர்த்தி என்று பாருங்கள். கண்ணைச் சற்று இடுக்கிப் பார்த்தால் இது சட்டென்று தெரியும். அதைச் சரிசெய்த பிறகு, சிவப்பு ஆரஞ்சுப் பக்கம் சாய்கிறதா ஊதாப் பக்கம் சாய்கிறதா என்று பாருங்கள். எவ்வளவு பளிச், எவ்வளவு மந்தம் என்பது கடைசியில். நிறத்தை இப்படி மூன்றாகப் பிரித்து அளக்கும் முறையை 1905-இல் புத்தகமாகத் தந்தவர், அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் ஓவியம் கற்பித்த ஆல்பர்ட் மன்செல்.

கருவியால் அளக்க முடியாதா? முடியும். ஸ்பெக்ட்ரோஃபோட்டோமீட்டர் என்று ஒரு கருவி உண்டு. பெயின்ட்டின் மேல் வைத்து அழுத்தினால், 400 நானோமீட்டர் ஊதா ஒளியிலிருந்து 700 நானோமீட்டர் சிவப்பு ஒளி வரை, பத்துப் பத்தாக முன்னேறி, ஒவ்வொன்றிலும் எவ்வளவு திரும்பி வருகிறது என்று 31 எண்களைத் தரும். கண் தருவது மூன்று சேதி, இது தருவது 31. அந்த 31-உம் இரண்டு பெயின்ட்டுக்கும் ஒத்துப்போனால் எந்த வெளிச்சத்திலும் வேஷம் கலையாது. இந்த எண்களை மனிதக் கண் பார்க்கும் நிறமாக மாற்ற உலகம் முழுவதும் ஒரு பொது அளவு வைத்திருக்கிறார்கள். 1931-இல் வகுத்தது. ரைட், கில்ட் என்ற இரண்டு ஆங்கிலேயர்கள் தனித்தனியே 10 பேர், 7 பேர் என்று மொத்தம் 17 பேரின் கண்களைச் சோதித்துத் திரட்டிய அளவுகள்தாம் அதற்கு அடிப்படை. இன்று உங்கள் டிவி திரையின் நிறக் கணக்குக்குப் பின்னாலும் அந்த 17 பேரின் கண்கள் இருக்கின்றன என்பது எனக்கு எப்போதும் ஆச்சரியம்தான்.

நம் கேண்டிச் சிவப்பிடம் மட்டும் இந்தக் கருவியும் கொஞ்சம் திணறும். அலுமினியச் செதில்கள் படுத்திருப்பதால் நேரே பார்த்தால் ஒரு நிறம், சாய்த்துப் பார்த்தால் இருண்ட வேறொரு நிறம். ஒரே கோணத்தில் அளந்தால் பாதிக் கதைதான் கிடைக்கும். அதனால் பல கோணங்களில் அளக்கும் தனிக் கருவிகள் கார்ப் பெயின்ட் தொழிலில் இருக்கின்றன. கருவி இல்லாதவர், தகரப் பட்டையைக் கையில் பிடித்து மெல்லச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டியதுதான்.

இனி சொல்லப்போவதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பழைய மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு, பச்சைப் பெயின்ட்களில் பலவற்றில் ஈயம் கலந்த நிறமிகள் உண்டு. அமெரிக்காவில் வீட்டில் புழங்கும் பொருள்களின் பெயின்ட்டில் ஈயத்துக்குக் கடும் தடை வந்தது 1978-இல். நம் சைக்கிள் அதற்குப் பத்து வருஷம் மூத்தது. இந்தியாவில் வீட்டு உபயோகப் பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017-இல்தான் நடைமுறைக்கு வந்தது. ஈயத் தூசு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். பழைய பெயின்ட்டை உப்புத்தாளால் தேய்ப்பதும், சுரண்டுவதும், நெருப்பில் காட்டி உரிப்பதும் உங்கள் வேலை இல்லவே இல்லை. தெரிந்த பெரியவர், சரியான முகக்கவசம் போட்டு, தூசு பறக்காமல் ஈரமாக்கித் தேய்க்க வேண்டும். ஸ்ப்ரே பெயின்ட் அடிப்பதும் அவர்கள் வேலைதான். பார்ப்பது, ஒப்பிடுவது, குறித்துவைப்பது, அட்டையில் ஓட்டை போடுவது, தண்ணீர் சொட்டு வைப்பது எல்லாம் உங்களுடையது. பழைய பெயின்ட்டைத் தொட்டால் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

கடைசியாக ஒரு சிக்கலான கேள்வி. சைக்கிள் முழுவதும் வெளுத்திருக்கிறது, செயின் கார்டு மட்டும் புதிதாக அடிக்க வேண்டும். வாஷருக்கு அடியில் கண்ட 1968-இன் சிவப்பை அப்படியே அடித்தால் என்ன ஆகும்? நிறம் நூற்றுக்கு நூறு உண்மை, ஆனால் சைக்கிளில் மாட்டியதும் அது ஒன்று மட்டும் தனியாகக் கத்தும். மற்ற பாகங்களோடு சேர்ந்து நிற்க வேண்டுமானால், வெளுத்த இன்றைய சிவப்புக்குத்தான் ஒப்பிட்டு அடிக்க வேண்டும். எது சரி? சட்டம் முழுவதும் துருப்பிடித்து, பெயின்ட்டே மிஞ்சாமல் போயிருந்தால் பழைய சிவப்பை மீட்டெடுங்கள். பாதிக்கு மேல் பழைய பெயின்ட் உயிரோடு இருந்தால் அதைத் தொடக் கூடாது, புதிதாகச் சேர்க்கும் பாகத்தைத்தான் அதற்கு ஏற்ப மாற்ற வேண்டும். தொழிற்சாலையில் அடித்த பெயின்ட் ஒரு சைக்கிளுக்கு ஒரு தடவைதான் கிடைக்கும். சுரண்டிவிட்டால் அதை எந்தப் பட்டறையாலும் திருப்பித் தர முடியாது. அதனால்தான் இப்படிச் சொல்கிறேன்.

உங்கள் வீட்டில் ஸ்வின் சைக்கிள் இருக்க வாய்ப்பில்லை. தாத்தாவின் ஹெர்குலிஸ் இருக்கலாம். அப்போது சென்னையை அடுத்திருந்த அம்பத்தூரில் டிஐ சைக்கிள்ஸ் கம்பெனி 1949-இல் தொடங்கியது, ஹெர்குலிஸ் சைக்கிள் அங்கிருந்துதான் ஊர் ஊராகப் போனது. அந்தக் காலத்துச் சைக்கிள்களில் பெரும்பாலானவை கறுப்பு. கறுப்பில் என்ன ஆராய்ச்சி என்று நினைக்காதீர்கள். கறுப்புப் பெயின்ட்டின் நிறமி பொதுவாகக் கரி. கரியை வெயில் எளிதில் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே கறுப்புச் சைக்கிள் சாம்பல் பூத்துத் தெரிந்தால் நிறம் போகவில்லை, மேற்பரப்புத்தான் சிதைந்திருக்கிறது என்று ஓரளவு தைரியமாகச் சொல்லலாம். ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பெரியவர் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு ஹேண்டில்பாரில் உள்ள பெல்லையோ, சட்டத்தில் மாட்டிய டைனமோவையோ கழற்றி, அதன் கிளாம்ப்புக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். சட்டத்தில் கையால் இழுத்த தங்க நிறக் கோடு ஏதாவது மிஞ்சியிருந்தால், பாலிஷ் போடுவதற்கு முன்னால் அதை அளந்து நோட்டில் வரைந்துவையுங்கள். தேய்க்கும்போது முதலில் காணாமல் போவது அதுதான்.

ஒரு வேண்டுகோள். வீட்டில் யாராவது பழைய சைக்கிளுக்குப் புதுப் பெயின்ட் அடிக்கக் கிளம்பினால், முத்திரைத் தகட்டுக்கு அடியிலோ சீட்டு வளையத்துக்கு அடியிலோ ஒரு கட்டை விரல் அகலத்துக்குப் பழைய பெயின்ட்டை அப்படியே விட்டுவைக்கச் சொல்லுங்கள். டேப் ஒட்டி மறைத்துவிட்டு மற்ற இடத்தில் அடித்தால் போதும். பின்னால் அந்தச் சைக்கிளின் உண்மை நிறம் வேண்டுமென்று யாராவது தேடும்போது, அவர்களுக்கு வேறு எதுவும் தேவைப்படாது.